சேவலா, பெட்டையா? கொஞ்சம் பொறுங்கள்

பர்மாவில், பெகு ஊரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது 11 குஞ்சுகள் திரிகின்றன. போன மழைக்காலத்தில் சந்தையில் ஒருவர் "எல்லாம் பெட்டைம்மா" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த 6 குஞ்சில் 4 சேவலாய்ப் போயின. அன்றிலிருந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

பொரித்த அன்றே காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது வெறும் விளையாட்டு. இறக்கை நீளம் பார்ப்பது அதற்கென்றே இனம் சேர்த்த பண்ணைக் குஞ்சுக்குத்தான் சரி. ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கப் பழகிய கை வேண்டும். தெரியாமல் அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும்.

5, 6 வாரத்தில் கொண்டையைப் பாருங்கள். ஒரே ஈட்டுக் குஞ்சுகளைக் காலை வெயிலில் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். சேவலுக்குக் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்கு வெளிறிப்போய்ச் சின்னதாக ஒட்டியிருக்கும். சேவலுக்குக் காலும் கொஞ்சம் தடிப்பு. முரட்டுத்தனத்தை மட்டும் நம்பாதீர்கள். எல்லாரையும் கொத்தி விரட்டிய எங்கள் கறுப்பி இன்று முகத்தில் பூசும் தனகா மரப்பட்டையை அரைக்கும் கல்லுக்குப் பின்னால் அடை காக்கிறாள்.

இன்னும் சந்தேகமா? 12 வாரம் ஆகட்டும். மடியில் வைத்து, வாலுக்கு முன்னால் முதுகு இறகை விரலால் விலக்குங்கள். ஒடுங்கி, நுனி கூர்ந்து, பளபளவென்று புது இறகு தொங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. எனக்கு இது இதுவரை தப்பியதில்லை.

என் பேரன் மட்டும் கூவினால்தான் ஒப்புக்கொள்வான். அவனுக்காகச் சேவல்களின் காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கால் வளர வளர நூல் இறுகும், வாரம் ஒருமுறை அவிழ்த்துக் கட்டவேண்டும்.