கேமராவை எடுக்கவே மனம் வரவில்லையா? இராமநாதபுரம் கடற்கரையில் மீண்டும் தொடங்குவதற்கான செய்முறை

ஆசையாக வாங்கிய கேமரா அலமாரியிலேயே கிடக்கிறது, எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கும்போதே சலிப்புத் தட்டுகிறது என்றால், புகைப்படக்கலை நமக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். இராமநாதபுரம் கரையோரத்தில் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தச் சலிப்பு சற்று விரைவாகவே வந்துவிடுகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பழைய பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலமும், அரிச்சல்முனையின் வளைவும், 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரும் யார் எடுத்தாலும் ஓரளவு நன்றாகவே வரும் காட்சிகள். இடமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுவதால், எடுப்பவருக்கு அங்கே கற்றுக்கொள்ள அதிகம் மிஞ்சுவதில்லை. நாலைந்து முறை போய்வந்த பிறகு, ஏற்கெனவே இருக்கும் படத்தையே மறுபடி எடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

கைபேசி வைத்திருப்பவரும் பின்பற்றக்கூடிய வகையிலேயே கீழ்க்காணும் படிகளை எழுதியிருக்கிறேன். புதிய லென்ஸ் எதையும் வாங்கத் தேவையில்லை.

முதல் படி: ஆர்வம் எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள்

கடைசியாக எடுத்த படங்களைத் திறந்து, அவற்றை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புவதே பாரமாக இருந்தால், தொலைவுதான் காரணம். பக்கத்தில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளம்பிப் போயும் எதை எடுப்பது என்று தெரியாமல் திரும்பியிருந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு பொருள். நிறைய எடுத்துவிட்டு ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை குறைவாக எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்கியவர்களிடம் நான் அதிகம் காண்பது இந்த மூன்றாவது நிலையைத்தான். மெமரி கார்டு நிறைய ஒரே மாதிரியான சூரிய உதயப் படங்கள் குவிந்து கிடந்தால், அவற்றைத் தரம் பிரிக்கும் வேலையை நினைத்தே மனம் கேமராவைத் தவிர்க்கத் தொடங்கிவிடும். பழைய குவியலை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். அதைச் சீர்செய்த பிறகுதான் மறுபடி தொடங்குவேன் என்று உட்கார்ந்தால், தொடங்கவே முடியாது.

இரண்டாம் படி: கருவி நன்றாக இருக்கிறதா என்று சோதியுங்கள்

கடற்கரை ஊரில் அலமாரிக்குள் கிடந்த கேமராவை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸைக் கைவிளக்கு வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், சிலந்தி இழை போன்ற மெல்லிய கோடுகள் உள்ளே தெரிகின்றனவா என்பது புலப்படும். இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்; நீங்களே கழற்ற வேண்டாம். இல்லையென்றால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்துப் பழகுங்கள். நீல நிறப் பரல்கள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தை உறிஞ்சி நிரம்பிவிட்டன என்று பொருள். அப்போது அவற்றை மாற்றிவிட வேண்டும். மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றக் கூடாது. வீடு திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் ஒற்றி எடுத்தால், உப்பு படிந்து பொத்தான்கள் இறுகுவதைத் தவிர்க்கலாம்.

மூன்றாம் படி: ஒரே கரை, ஒரே குவியத் தூரம்

வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். தேவிபட்டினமோ, மண்டபமோ, கீழக்கரையோ, ஏர்வாடியோ, எதுவானாலும் சரி, அடிக்கடி போக முடிவதுதான் முக்கியம். கேமராவுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ் இருந்தால், அதன் குவியத் தூரத்தை, அதாவது ஜூம் அளவை, 35-இல் நிறுத்தி, ஜூம் வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். சிறிய சென்சார் உள்ள கேமராக்களில் இது ஏறத்தாழ 50 மி.மீ. பார்வையை, அதாவது கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமான பார்வையைத் தரும். கைபேசியில் என்றால், 1x என்று இருப்பதைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். ஜூம் செய்ய முடியாதபோது நெருங்கிப் போக வேண்டியிருக்கும், நெருங்கினால் ஆட்களிடம் பேச வேண்டியிருக்கும். கூச்சமுள்ளவர்களுக்கு முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் சலிப்பு விலகத் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

பறவைப் படங்களால் ஆர்வத்தை மீட்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்கும் தனுஷ்கோடிக்கும் பறவைகள் வருவது உண்மைதான். ஆயினும் தொலைவிலுள்ள பூநாரையைப் பிடிக்க 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், கவனம் முழுவதும் விலைப்பட்டியலுக்குப் போய்விடும். சோர்ந்திருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி: காட்சியை விட்டு ஒரு வேலையைப் பின்தொடருங்கள்

இதுவே எல்லாப் படிகளிலும் முக்கியமானது என்று கருதுகிறேன். அழகான காட்சிக்காகக் காத்திருப்பதைவிட, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைத் தொடர்ந்து படம் எடுப்பதே தொடக்கநிலையினருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். இந்தக் கரையில் அதற்குக் கரைவலையைவிடச் சிறந்த பொருள் இல்லை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறுகயிற்றுடன் சற்றுத் தள்ளிக் கரையேறும். பிறகு இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். நெடுநேரம் நீளும் இந்த வேலையில், தொலைவில் நின்ற இரு அணிகளும் மெல்ல மெல்ல நெருங்கிவந்து, இறுதியில் மடி (மீன் சேரும் வலையின் பைப்பகுதி) கரைக்கு வரும்போது ஒன்றாகிவிடும்.

முதல் நாள், மீனையும் கடலையும் மறந்துவிட்டுக் கால்களை மட்டும் எடுங்கள். இழுப்பவரின் குதிகால் மணலில் புதைந்து, உடல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்; அடி எடுத்து வைக்கும்போது குழியின் விளிம்பிலிருந்து ஈரமணல் சரியும். குதிகால் ஊன்றும் கணத்துக்கும் மணல் சரியும் கணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிடிக்க முயன்றாலே ஒரு காலைப்பொழுது போய்விடும். அடுத்த முறை கயிற்றையும் கைகளையும் எடுங்கள். அதற்கடுத்த முறை, இழுத்த கயிற்றை ஒருவர் சுருட்டி அடுக்குவதையும், மடி கரையேறியதும் மீனைத் தரம் பிரிப்பதையும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால், முந்தைய முறை விட்டுப்போனதை எடுக்கவேண்டும் என்ற எண்ணமே உங்களை அடுத்த காலையில் எழுப்பிவிடும்.

கரைவலை இல்லாத ஊரிலும் இதே முறை பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி, பழுதுபார்த்து, வண்ணம் பூசுவார்கள். ஒரே படகைத் தடைக்காலம் முழுவதும் தொடர்ந்து எடுக்கலாம். வலையைச் சீர்செய்வது, கருவாடு காயவைப்பது, பாசி எடுக்கச் செல்லும் பெண்கள் கரை திரும்புவது என்று பொருளுக்குப் பஞ்சமில்லை.

ஐந்தாம் படி: கடற்கரை வெளிச்சத்துக்கான அமைப்புகள்

நம் கரை ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் செங்குத்தாக விறுவிறுவென்று ஏறிவிடும். உதயத்துக்குப் பிறகு மென்மையான வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. எனவே உதயத்துக்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும் இயல்புடையது என்பதால், வெயிலில் மின்னும் மணலைக் கண்டதும் படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். கைபேசியில் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும். வலை இழுப்பது போன்ற அசைவுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) என்பதில் தொடங்கலாம். கயிறு கூர்மையாகவும் கை கலங்கலாகவும் தெரிய வேண்டும் என்றால் ஷட்டர் வேகத்தில் 1/30 நொடிக்கு இறங்கிப் பாருங்கள். கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

உச்சிவெயிலில் முகங்களைத் திறந்தவெளியில் எடுக்காதீர்கள். ஓலைக் கொட்டகையின் விளிம்புக்கு ஓரடி உள்ளே ஆள் அமர்ந்திருந்தால், வெளியிலுள்ள மணல் திருப்பியனுப்பும் ஒளியே முகத்துக்குப் போதுமானது.

ஒழுங்குமுறைகளைப் பற்றி ஒரு சொல்: மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், ட்ரோன் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் இடமில்லை.

ஆறாம் படி: படம் யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

“அண்ணே, நீங்க வேலை செய்யுறதைப் படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டால், கரையில் பெரும்பாலும் வரும் பதில், “எடுத்துக்க தம்பி, ஆனா எடுத்த படத்தைக் கொண்டாந்து குடுப்பியா?” என்பதாகத்தான் இருக்கும். அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எண்ணாமல், கொடுக்கவேண்டிய கடனாகவே வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் யாரோ இடும் விருப்பக்குறிக்காக எடுத்தால், அது குறைந்த அன்றே ஆர்வமும் குறைந்துவிடும். பெயர் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதற்காக எடுக்கும்போது, அவர் முகம் தெளிவாக வந்திருக்கிறதா, கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்ற கவனம் தானாகவே வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் மூன்று படங்களுக்கு மேல் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஊரிலுள்ள ஸ்டுடியோவில் 4×6 அங்குல அளவில், கைரேகை எளிதில் தெரியாத மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். இருவர் உள்ள படமானால் இரண்டு பிரதிகள் எடுத்துவிடுங்கள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால், அடுத்த முறை அந்தக் கரையில் கேமராவைத் தூக்குவது கடினம். பின்புறத்தில் தேதியையும் ஊரையும் பென்சிலால் எழுதி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொண்டுபோங்கள். வலை இழுக்கும்போது எல்லோருடைய கையும் ஈரமாக இருக்கும். மீன் ஏலம் முடிந்து, கை கழுவிவிட்டு டீ குடிக்க உட்காரும் வேளையே படங்களைக் கொடுப்பதற்கு ஏற்ற நேரம்.