வெக்கை என்று விட்டுவிடாதீர்கள்: மாதவிடாய் நிற்கும் வயதில் நாம் விடும் பிழைகள்

சித்திரை வெயிலில் மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு பெண் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெக்கை, அவ்வளவுதான். இரவில் நித்திரை வராவிட்டால் யோசனை. 2009இற்குப் பிறகு எங்கள் பெண்களுக்கு யோசனைக்குக் குறைவா? வெக்கை, யோசனை என்ற இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மாதவிடாய் நிற்கும் காலம் ஒளிந்துகொள்கிறது. வன்னியில் நாங்கள் விடும் பெரிய பிழை இதுதான் என்பேன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் குறையும்போது மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சூடு ஏறி, சில நிமிடங்களில் வேர்த்து அடங்கும், பிறகு குளிரும். இது மார்கழி மழைக்குள்ளும் வரும். வெக்கை அப்படி வராது. ஆனால் இரவு வேர்வையோடு இருமல், காய்ச்சல், மெலிவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தைரொயிட்டும் இதேபோல வேர்க்க வைக்கும்.

மூன்று மாதம் வராததும் ‘நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டுவது அடுத்த பிழை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருக்கவேண்டும். 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாய்க்குப் பின் 2 வருடமும், 50 தாண்டி நின்றால் 1 வருடமும் கருத்தடை தேவை. பேரப்பிள்ளையும் பிள்ளையும் ஒரே வீட்டில் தவழ்வது எல்லோருக்கும் சந்தோசமாக இருக்காதே! பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கும். 40க்கு முன்பே நின்றால் ‘தொல்லை விட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் இருந்த காவல் முன்கூட்டியே போகிறது. குறைந்த ஓமோனை மருந்தாகக் கொடுக்கும் ஓமோன் சிகிச்சை அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரு வருடம் நின்றபிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் போகவேண்டும். பலருக்கு அது சாதாரண காரணமாக இருக்கும். கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் மட்டும் விடக்கூடாது.

சரி, ஓமோன் சிகிச்சைக்கு வருவோம். ‘அதைப் போட்டால் கான்சர்’ என்ற பயம் 2002இல் அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வோடு பரவியது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோஜன் என்ற இரண்டு ஓமோனும் சேர்த்து எடுத்தவர்களில் 10,000 பெண்களுக்கு வருடத்தில் சுமார் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடியது. பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் சொல்வதில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தைவிட நன்மையே கூட என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டியோ பாரிசவாதமோ கண்டவர்கள், ஈரல் நோயாளிகள் ஆகியோருக்குப் பொதுவாக இது கொடுப்பதில்லை.

பயத்தைவிட எனக்குக் கவலை தருவது பார்சல்தான். லண்டனில் இருக்கும் தங்கச்சி, தனக்குச் சுகம் தந்தது என்று தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டியை அக்காவுக்கும் அனுப்புகிறாள் என்று வையுங்கள். தங்கச்சிக்குக் கருப்பை எடுத்தாயிற்று. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அக்காவுக்குக் கருப்பை இருக்கிறது. புரொஜெஸ்ட்ரோஜன் சேராமல் தனி ஈஸ்ட்ரோஜன் போனால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு வழி விடும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போடப் பாமசியில் வாங்கும் குளிசையும் இதுவும் ஒன்றல்ல. ஓமோன் சிகிச்சை கருத்தடையும் அல்ல.

வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது: பிறப்புறுப்பு வறண்டு எரிவது, உறவில் நோவது, சலக்கடுப்பு திரும்பத் திரும்ப வருவது. இதற்கு உள்ளே பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. இரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கும். வருடக்கணக்காக அன்ரிபயோட்டிக் விழுங்குவதைவிட இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியபிள்ளையானபோது உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தந்து ஊரையே கூப்பிட்டார்கள். நிற்கும்போது வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கும் தெரியாது. எலும்பு வேகமாகத் தேய்வது இந்த வருடங்களில்தான்; தயிர், எள்ளு, குரக்கன், முள்ளோடு தின்னும் நெத்தலி எல்லாம் இப்போதுதான் தேவை.

35, 45 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குக் குடும்பநல மாது கூப்பிடுவார். காசு இல்லை. அங்கே போய்ப் பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டு ‘சுகமாய் இருக்கிறன்’ என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதுவும் பிழைதான். கடைசியாக மாதவிடாய் வந்த திகதியைக் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். இரவில் வேர்த்து எத்தனை தரம் எழும்புகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.