இத்தாலியின் காப்ரி தீவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

நேப்பிள்ஸின் மோலோ பெவெரெல்லோ துறையில் காலை முதல் வேகப்படகைப் பிடியுங்கள். சுமார் 50 நிமிடத்தில் காப்ரியின் துறைமுகமான மரீனா கிராண்டே வந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மாலைப் படகுகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இறங்கியதும் கூட்டம் காப்ரி ஊருக்கு மலைச்சரிவில் ஏறும் ஃபனிகுலர் ரயிலுக்குத்தான் ஓடும். நீங்கள் தீவின் இன்னோர் ஊரான அனாகாப்ரிக்குப் போகும் பேருந்தில் ஏறுங்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் ஒற்றை இருக்கை லிஃப்ட் 589 மீட்டர் உயர மொன்டே சொலாரோ மலைக்குப் போகிறது. நேரமானால் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும், கடலில் நிற்கும் ஃபராலியோனி பாறைகள் தெரியாது.

தீவின் பேர்பெற்ற கடல் குகையான நீலக் குகையின் வாசல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். துடுப்புப் படகில் மல்லாந்து படுத்தால்தான் நுழையலாம். அலை சற்று எழும்பினாலே மூடிவிடுவார்கள். அதனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கடல் கொந்தளித்தால் வேகப்படகுகள்தான் முதலில் ரத்தாகும். அப்போது திரும்புவதற்கு, நேப்பிள்ஸின் இன்னொரு துறையான கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவுக்குப் போகும் பெரிய ஃபெர்ரியைக் கேளுங்கள். மெதுவாகப் போனாலும் ஊர் சேர்க்கும்.