லாரி ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் போதாது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றினால் ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்வதற்குள் லாரி கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் ஏறியாக வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில், அப்புறம் வான் ரீனென் கணவாய். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சொந்த லாரி வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்த ஏற்றங்கள் தெரியும். அங்கே வண்டி கொதித்தால் முதலில் கூலண்டை, அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தைப் பாருங்கள்.

பெரிய தவறு, குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கனரக டீசல் எஞ்சின் பலவற்றில் சிலிண்டர் லைனரை (பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாயை) தொட்டபடியே கூலண்ட் ஓடுகிறது. பிஸ்டன் அதிர்வில் லைனரின் வெளிப்பக்கம் நுண்குமிழ்கள் உண்டாகி உடைந்து, இரும்பைக் குழி குழியாக அரிக்கும். கூலண்டில் உள்ள மருந்துதான் அதைத் தடுக்கிறது. தண்ணீர் சேரச் சேர மருந்து நீர்த்துப்போகும். லைனர் ஓட்டையானால் கூலண்ட் ஆயிலில் கலந்துவிடும். தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டரில் படிவது தனிக் கதை. வழியில் வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்றினீர்களா, சரி. வீடு வந்ததும் ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையில் கூலண்ட் எவ்வளவு என்று காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சேர்த்துக் கலவையைச் சரிசெய்துவிடுங்கள். அடிக்கடி குறைகிறதென்றால் கசிவைத் தேடுங்கள்.

நம் ஊரில் உறையவா போகிறது என்று கேட்பவர்கள், 2024 செப்டம்பரில் வான் ரீனெனில் பனி கொட்டி என்3 சாலையில் லாரிகள் சிக்கி நின்றதை நினைத்துப் பாருங்கள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுவதும் தப்பு. சூட்டை இழுத்துக்கொண்டு போவதில் தண்ணீர்தான் கெட்டி.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அது வெறும் சாயம். வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் தரத்தைப் பாருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிப்பதால்தான் கூலண்ட் கொதிக்காமல் ஓடுகிறது. ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது, முகமே வெந்துவிடும்.

சூட்டுக்கேற்ப கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வைத்தியமல்ல. சில எஞ்சின்களில் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

வடித்த பழைய கூலண்டை மூடி வையுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் பிழைப்பது கடினம்.