வன்னிப் புற்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல் பார்க்கப் பழகும் இளைஞர் சிலரோடு கடந்த மார்கழியில், இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள முத்தையன்கட்டுப் பக்கமாக நடந்தேன். ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையெல்லாம் அவர்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்தார்கள். இரண்டொரு நாளில் தானாகத் திருந்திவிடும் சில்லறைப் பிழைகளை விட்டுவிட்டு, திருந்தாமல் நிலைத்துவிடக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். போர் முடிந்து மீள்குடியேறிய பின் நாங்கள் செய்த இரண்டாவது காலபோகம் (மாரிமழைக் கால நெற்செய்கை) அது. விதைத்து மூன்று கிழமை கடந்த வயலில் களை பிடுங்க நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். நெல்லைப் போலவே தோன்றும் களைப்புல்லான நெற்சப்பி, நெல்லைவிட வெளிறியிருக்கும் என்று எங்கோ கேட்டதை நம்பி, வெளிறியதைப் பிடுங்கி, கரும்பச்சையாக நிற்பதை விட்டுவிடுமாறு வரம்பில் நின்று சொன்னேன். மேட்டுப்பக்கத்து மணல் நிலத்துக்குப் பசளை சரியாகச் சேரவில்லை என்பதும், அதனால் அங்கு நெல்லே மஞ்சள் பூத்து நின்றது என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. அவர்களில் வயது கூடிய ஒருவர் ஒரு பிடியைத் தூக்கிக் காட்டி, "தம்பி, உது நெல்லுப் போலக் கிடக்கு" என்றார். நான் படித்தவன் அல்லவா, சிரித்துவிட்டு "பிடுங்குங்கோ ஆச்சி" என்றேன். தை மாதம் அந்த மேட்டில் நெற்கதிருக்குப் பதிலாக நெற்சப்பியின் கதிர்தான் தலைக்கு மேல் எழுந்து நின்றது. அருவி வெட்டுக்கு (அறுவடைக்கு) முன்பே அதன் விதை நிலத்தில் கொட்டிவிட்டதால், அடுத்த போகத்துக்கும் சேர்த்தே நட்டப்பட்டேன்.

அந்த ஆச்சி பார்த்தது நிறத்தை அல்ல, இலையின் கழுத்தை. தண்டைச் சுற்றியிருக்கும் இலைமடலும், விரிந்து நிற்கும் இலையும் சேருகின்ற இடமே கழுத்து. இலையைப் பின்னுக்கு மெல்ல வளைத்தால், நெல்லில் அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்த வெள்ளைத் தோல் போன்ற சிறுநாவும், அதன் இரு பக்கமும் மயிர் முளைத்த வளைந்த காதுகளும் தெரியும். நெற்சப்பியில் நாவும் இல்லை, காதும் இல்லை. கழுத்து வெறுமையாக இருக்கும். முதிர்ந்த இலையில் காது உதிர்ந்துபோயிருக்கக்கூடும் என்பதால் இளம் இலையில் பார்ப்பதே முறை. ஆனால் இந்தச் சோதனையும் வயலில் களையாக முளைக்கும் பன்றிநெல்லிடம் செல்லாது. அதுவும் நெல்லினந்தான் என்பதால் நாவும் காதும் அதற்கும் உண்டு. கதிர் வந்த பின் மணி முந்திக் கொட்டுவதையும், உமியை உரித்தால் அரிசி பெரும்பாலும் சிவந்திருப்பதையும் கொண்டே அதைப் பிடிக்க முடியும்.

கோரையையும் சம்பையும் புல் என்பது

புல்லின் தண்டில் கணு இருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் எதிரெதிராக நிற்கும். கோரையின் இலைகள் மூன்று வரிசையில் நிற்கும். அதன் தண்டை விரல்களிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டுப்படும். உருண்டைத் தண்டுக் கோரைகளும் நம் குளங்களில் உண்டு என்பதால், விளிம்பை மட்டும் நம்பாமல் கணுவையும் தேட வேண்டும். குளத்தோரத்துச் சம்பு இரண்டிலும் சேராது. அது தனிக் குடும்பம்.

உச்சியை மட்டும் கிள்ளி வருவது

வேரோடு கிண்டி எடுங்கள்.

எச்சரிக்கைப் பலகையைத் தாண்டுவது

கண்ணிவெடிப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தப் புல்லுக்காகவும் கால் வைக்க வேண்டாம்.

விரல் போன்ற கதிரெல்லாம் அறுகு என்பது

அறுகு, காக்கைக்கால் புல், தெருவோரத்தில் ஊதா நிறமாக அசையும் குளோரிஸ் ஆகிய மூன்றிலும் கதிர்கள் ஒரே இடத்திலிருந்து விரல்களாகப் பிரியும். காக்கைக்கால் புல்லின் ஒவ்வொரு விரலும் மணியில்லாத கூர்முனையாக முடியும். குளோரிஸின் விரல்களில் நீண்ட கூர்மயிர்கள் அடர்ந்திருக்கும். அறுகின் விரல்கள் மெலிந்து, மயிரின்றி இருக்கும். உருவத்தின் அளவு உதவாது. மாடு மேயும் குளக்கட்டில் விரலளவு படர்ந்து கிடக்கும் அதே அறுகு, நிழல் விழும் வாய்க்கால் ஓரத்தில் முழங்கால்வரை எழும்பி வேறொரு புல்லாகத் தோன்றும்.

ஒரு புல்லை இரண்டாக எழுதுவது

முல்லைத்தீவுக் கடற்கரையில் இராவணன் மீசை என்ற புல்லைக் கண்ட இருவர், முட்பந்து போன்ற பெருந்தலையை ஒரு பெயரிலும், கொத்தாக நிற்கும் கதிர்களை இன்னொரு பெயரிலும் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். அந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முட்பந்து பெண் செடியின் தலை. முற்றியதும் கழன்று காற்றில் மணல்மேல் உருண்டோடி விதையைப் பரப்பும். கொத்துக் கதிர்கள் ஆண் செடிக்குரியவை. இரண்டின் அடியிலும் மணலைத் தோண்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் தண்டையும், ஊசியாக முடியும் விறைத்த இலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர்கள் ஒரு பெயரை அழித்தார்கள்.