ரெசிடென்ஷியல் ஸ்கூல் சர்வைவர்களுக்கு உதவப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கனடாவுல நர்ஸா, சோஷியல் ஒர்க்கரா, காலேஜ் ஆபீஸ்ல எல்லாம் நம்ம ஆளுங்க நிறைய பேர் வேலை பாக்கறாங்க. என்னைக்காவது ஒரு பூர்வகுடி பாட்டி எதிர்ல வந்து உட்கார்ந்து "அந்த ஸ்கூல் படிப்புப் பணம்னு ஒண்ணு இருந்துச்சே, என் பேத்திக்குக் கிடைக்குமா"ன்னு கேட்டா, தயவுசெஞ்சு கூகுள்ல முதல்ல வர்ற பேஜைப் பாத்து பதில் சொல்லாதீங்க. ஏன்னா இதுல பழைய தகவலும் புது தகவலும் கலந்து கிடக்கு. ஒரு தப்பான பதில் கேட்டுட்டுப் போனவங்க பெரும்பாலும் திரும்பி வரவே மாட்டாங்க, சின்ன வயசுலயே அரசாங்க ஆபீஸ்னா பயம்னு ஆக்கி வெச்ச சிஸ்டம் அது. ரெசிடென்ஷியல் ஸ்கூல்னா, சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைங்களை வீட்டுல இருந்து பிரிச்சு, பாஷைய மறக்கடிச்சு, அரசாங்கமும் சர்ச்சுகளும் சேர்ந்து நடத்துன ஸ்கூலுங்க. அதுல இருந்து மீண்டு வந்தவங்களைத்தான் சர்வைவர்ங்கறாங்க.

முதல் தப்பு, எல்லாத்தையும் ஒரே ஸ்கீம்னு நினைக்கறது. 2007 செப்டம்பர் 19 அமலுக்கு வந்த செட்டில்மென்ட்லயே, அதாவது சர்வைவர்களுக்கான இழப்பீட்டு ஒப்பந்தத்துலயே, தனித்தனி கதவுங்க இருந்துச்சு. ஸ்கூல்ல தங்கிப் படிச்சதுக்கு, முதல் வருஷத்துக்கு 10,000 டாலர், அப்புறம் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000, அதாவது அஞ்சு வருஷம் இருந்தவங்களுக்கு 22,000. இதுக்கு அடிச்சாங்களா, என்ன கொடுமை நடந்துச்சுன்னு எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கல, அங்க தங்கியிருந்தாங்கன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. கொடுமைக்கான இழப்பீடு வேற க்ளெய்ம், வேற விசாரணை. இந்த ரெண்டுக்கும் விண்ணப்பிக்கற காலம் 2012ஓட முடிஞ்சிருச்சு. வீட்டுல இருந்து போயிட்டு வந்து படிச்சவங்களுக்குப் பின்னாடி வந்த வழக்குங்க வேற. நியூஃபவுண்ட்லாண்ட் அண்ட் லாப்ரடோர் ஸ்கூலுங்க அந்த முதல் ஒப்பந்தத்துலயே இல்ல, அவங்களுக்கு 2016லதான் தனியா செட்டில்மென்ட் வந்துச்சு. அதனால முதல்ல கேக்க வேண்டியது எந்த ஸ்கூல், அங்கயே தங்கினாங்களா, இந்த ரெண்டுதான்.

அந்தப் பாட்டி கேட்ட படிப்புப் பணம், அது ஸ்கூல்ல தங்கிப் படிச்சதுக்கான பணத்தை வாங்கினவங்களுக்கு மிச்ச நிதியில இருந்து குடுத்த 3,000 டாலர் வரைக்குமான கிரெடிட். கையில காசா வராது, படிக்கற இடத்துக்கு நேரா போகும். பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்களுக்கு மாத்திக் குடுக்கலாம், காலேஜ் மட்டும் இல்ல, எழுதப் படிக்கக் கத்துக்க, கைத்தொழில் கத்துக்க, தாய்மொழி கத்துக்கக்கூட யூஸ் பண்ணலாம்னு இருந்துச்சு. நல்ல ஏற்பாடு, ஆனா 2015லயே முடிஞ்சிருச்சு. இங்கதான் ரெண்டாவது தப்பு நடக்குது, "முடிஞ்சு போச்சுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறது. மிச்சம் இருந்த பணம் நேஷனல் இந்தியன் பிரதர்ஹுட் ட்ரஸ்ட் ஃபண்டுக்கும் இனுவியாலுயிட் எஜுகேஷன் ஃபவுண்டேஷனுக்கும் போச்சு. முதல்ல சொன்னது ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மெட்டிஸ்ங்கற பூர்வகுடி மக்களுக்கு, ரெண்டாவது வடக்குல வாழற இனுயிட் பூர்வகுடி மக்களுக்கு. பேத்திக்கு அங்க வழி இருக்கலாம், அதைச் சொல்லாம அனுப்பறது பெரிய பாவம்.

அதே மாதிரி மனசு ஆறுறதுக்கான உதவியையும் பணத்தோட முடிச்சுப் போட்டுடறாங்க. மனசு ஆறுறதுக்கான வேலைங்களுக்கு நிதி குடுத்த அபோரிஜினல் ஹீலிங் ஃபவுண்டேஷனை 2014ல மூடிட்டாங்க, உண்மை, ஆனா அரசாங்கத்தோட ஹெல்த் சப்போர்ட் ப்ரோக்ராம் தனி. கவுன்சலிங் மட்டும் இல்ல, சமூகத்து மூத்தவங்களோட உட்கார்ந்து சடங்கு செய்யறதும் அதுல உண்டு, தூரத்துல இருந்து வரணும்னா போக்குவரத்துக்கும் உதவி உண்டு, குடும்பத்துல உள்ளவங்களும் கேக்கலாம். நமக்கு சைக்காலஜிஸ்ட்னாதான் ட்ரீட்மென்ட்னு ஒரு நினைப்பு, அதை அவங்க மேல திணிக்காதீங்க, மூத்தவரோட பேசணும்னு கேட்டா அதுக்கே ஏற்பாடு பண்ணுங்க.

அடுத்து பேர் விஷயம். ரெக்கார்டுல தேடி "உங்க பேர் இல்லையே"ன்னு டக்குன்னு சொல்லிடாதீங்க. நிறைய குழந்தைங்களோட பேரையே மாத்தி கிறிஸ்தவப் பேர் வெச்சாங்க, பல ஸ்கூல்ல நம்பர் போட்டுதான் கூப்பிட்டாங்க, பேரை எழுதினவங்க காதுல விழுந்த மாதிரி ஸ்பெல்லிங் போட்டாங்க, சில ரிஜிஸ்டர் காணாமயே போச்சு. ஸ்கூல்ல கூப்பிட்ட பேர் என்ன, கூடப் படிச்ச அண்ணன் தங்கச்சி யாருன்னு பக்குவமா கேட்டு, வினிபெக்ல மனிடோபா யுனிவர்சிட்டியில இருக்கற, இந்த ஸ்கூலுங்களோட ரெக்கார்டுகளைப் பாதுகாக்கற நேஷனல் சென்டர் ஃபார் ட்ரூத் அண்ட் ரிகன்சிலியேஷன்ல விசாரிக்கச் சொல்லலாம். ஆனா என்ன நடந்துச்சுன்னு கதையெல்லாம் கேக்காதீங்க, ஃபார்முக்கு அது தேவையே இல்லாதப்ப அந்தக் காயத்தைக் கிளறி விட நாம யாரு?

ஃபார்ம் ஃபில் பண்ணித் தர்றேன், வர்ற பணத்துல பங்கு குடுன்னு வர்றவங்களை நம்பவே வேணாம்னு சொல்லிடுங்க.

எல்லாத்தையும் விட அவசரமானது ஒண்ணு இருக்கு. கொடுமைக்கான இழப்பீடு கேட்டவங்க குடுத்த வாக்குமூலம், ஃபைல் எல்லாம், அவங்களா வேற மாதிரி கேட்டுக்கலைன்னா, 2027 செப்டம்பர் 19 அன்னைக்கு அழிச்சிடுவாங்க. 2017ல கனடா சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. தன்னோட காப்பியை வாங்கிக்கறதா, வினிபெக் சென்டர்ல பத்திரமா வெக்கச் சொல்றதா, அப்படியே அழிய விடறதா, முடிவு அந்த ஆளோடது மட்டும்தான். வரலாறு போயிடுமேன்னு நமக்கு பதறும், எனக்கும் பதறுது, ஆனாலும் நாம வற்புறுத்தக் கூடாது, தேதி தெரியாமலே போயிடக் கூடாது, அவ்ளோதான். இதைப் பேசுறப்ப யாராவது உடைஞ்சு போனா, சர்வைவர்களுக்கான அவசர உதவி லைன் 1-866-925-4419 நம்பரைக் குடுங்க, இருபத்திநாலு மணி நேரமும் ஆள் எடுப்பாங்க, காசு கிடையாது.