முகவலிக்குக் கால்சியம் சேனல் தடுப்பு மருந்து: ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது

பல் துலக்கும்போதோ கன்னத்தில் காற்றுப் படும்போதோ, மின்சாரம் தாக்கியதுபோலச் சில நொடிகள் வெட்டிவிட்டுப் போகும் முகவலியை மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகே இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறவர்கள் உண்டு. அப்படி அலைந்தவர் கண்ணில் ‘கால்சியம் சேனல் தடுப்பு மருந்து முகவலியைக் குறைக்கிறது’ என்ற செய்தி பட்டால், ரத்த அழுத்தத்துக்காக வீட்டில் இருக்கும் அம்லோடிபின் அட்டையை நோக்கிக் கை போவது இயல்பே. அந்தக் கையை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து, ஆய்வு எந்தச் சேனலைப் பற்றியது என்று தேடுங்கள். கால்சியம் சேனல் என்பது உயிரணுவின் உறையில் திறந்து மூடி கால்சியத்தை உள்ளே விடும் வாயில், அதில் பல வகைகள் உண்டு. அம்லோடிபின் முக்கியமாக அடைப்பது ரத்தக்குழாய்த் தசையிலுள்ள ‘எல்’ (L) வகையை. வலியைக் கடத்துவதில் பெரும்பங்கு ‘என்’ (N) வகைக்கு உண்டு: மின்துடிப்பு நரம்பு நுனிக்கு வந்ததும் அது திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது, உடனே குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள் வெளியே கொட்டி அடுத்த நரம்பணுவை எழுப்புகின்றன. இந்த வகையை நேரடியாக அடைக்கும் ஜிகோனோடைடு என்ற வலிமருந்து, கூம்பு நத்தையின் நஞ்சிலுள்ள ஒரு பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்துக்குள் செலுத்த வேண்டும், மாத்திரையாக விழுங்க முடியாது. நரம்புவலிக்குத் தரும் கபாபென்டினும் பிரீகாபாலினும் சேனலின் துளையை அடைப்பதே இல்லை. ஆல்ஃபா-2-டெல்டா என்ற அதன் துணை அலகைப் பற்றிக்கொண்டு, நரம்பு நுனிக்குப் போய்ச்சேரும் சேனல்களைக் குறைக்கின்றன. ஆகவே அவற்றைத் ‘தடுப்பு மருந்து’ என்பது, என் பார்வையில், சற்றுத் தளர்வான வழக்குத்தான்.

பிறகு, யாரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள். இத்துறையின் ஆய்வுகள் பலவற்றில் எலியின் கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பைத் தளர்வாக நூலால் கட்டி, சில நாள் கழித்து மீசைப் பகுதியை மெல்லிய நைலான் இழையால் தொட்டு, எவ்வளவு அழுத்தத்துக்கு அது தலையை இழுத்துக்கொள்கிறது என்று அளக்கிறார்கள். மருந்து கொடுத்த எலி கூடுதல் அழுத்தத்தைத் தாங்கினால் அது நல்ல தடயம். மனிதருக்கான சிகிச்சை ஆகிவிடாது.

எந்த முகவலி என்பதும் முக்கியம். அக்கி வந்து போன பின் நெற்றியில் தங்கும் எரிச்சலுக்குக் கபாபென்டின் பயன்படுகிறது. ஒரு கண்ணைச் சுற்றிக் குடையும் கிளஸ்டர் தலைவலி மீண்டும் வராமல் தடுக்க, எல் வகையை அடைக்கும் வெரபமிலையே தருகிறார்கள். அது இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் அளவை உயர்த்தும்போது ஈசிஜி எடுக்கிறார்கள். ட்ரைஜெமினல் வலிக்கோ, 1960களிலிருந்து முதலிடத்தில் இருப்பது சோடியம் சேனலை அடைக்கும் கார்பமசெபின். புதிய மருந்தை எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு இதுவே அளவுகோல்.

செய்தியை மருத்துவரிடம் காட்டும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். கார்பமசெபின் சாப்பிடுகிறவருக்கு வெரபமிலோ, அதைப் போலவே எல் வகையை அடைக்கும் டில்டியாசெமோ சேர்ந்தால், கல்லீரல் கார்பமசெபினைச் சிதைக்கும் வேகம் குறைந்து, ரத்தத்தில் அதன் அளவு ஏறி, தலைசுற்றலும் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வரலாம்.